மொய் நோட்டு, புரோநோட்டு, ஜாமீன் கையெழுத்து: ஒரு குடும்பத்தின் கடன்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகளையும் தேதிகளையும் அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நான் ஒரு வட்டச் சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலர். வக்கீல் இல்லை. மனு எழுதிக் கொடுப்பது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வது, தேவைப்பட்டால் குழுவின் வக்கீலிடம் அழைத்துப் போவது, இவைதான் என் வேலை. இந்த நிகழ்வில் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைத்தால் இதை எழுதுவதில் பொருளே இல்லை.

பின்னணி

பெரியவர் தென்னை விவசாயி. 3 ஏக்கர் தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தொடங்கி எங்கள் பகுதி வரை எத்தனையோ தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. இவருடையதும் சாய்ந்தது. விழுந்த மரத்தை அறுத்து வெளியேற்றவே பணம் வேண்டியிருந்தது. மறுபடி கன்று வைத்தால் காய் பார்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.

அந்த டிசம்பரில் பெரியவர் தன் பால்ய நண்பரிடம் 2 லட்சம் ரூபாய் வாங்கினார். நண்பர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கொடுத்தது ஓய்வுப் பணம். 100க்கு மாதம் 1 ரூபாய் வட்டி. 10.12.2018 தேதியிட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பெரியவர் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு. இரண்டு சாட்சிகள். நோட்டு எழுத வேண்டும் என்று சொன்னவர் பெரியவர்தான், "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கிட்ட ஒரு காயிதம் இருக்கணும்" என்றாராம். இதை நண்பரே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

2019 ஜனவரி முதல் 2020 பிப்ரவரி வரை மாதம் 2,000 ரூபாய் வட்டி போயிருக்கிறது. மொத்தம் 28,000. மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, வட்டி நின்றது. நண்பர் கேட்கவில்லை. கொடுத்த வட்டியை நோட்டின் பின்பக்கம் வரவு வைத்துப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கவும் இல்லை. தன் டைரியில் மட்டும் குறித்து வைத்திருந்தார்.

பெரியவர் 2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த பிறகு இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் ஊரிலேயே தோப்பைப் பார்க்கிறார். இளையவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. மகளை 12 கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

பைக்குள் இருந்தவை

கருமாதி முடிந்து சில நாளில் மூத்த மகனும் அம்மாவும் ஒரு மஞ்சள் பையோடு வந்தார்கள். அதில் மூன்று விஷயம் இருந்தது. முதலாவது, கூட்டுறவுக் கடன் சங்கத்திலிருந்து பெரியவர் பெயருக்கு வந்த அறிவிப்பு. பக்கத்துத் தெருக்காரர் கறவை மாட்டுக்கு வாங்கிய 50,000 ரூபாய் கடனுக்கு இவர் ஜாமீன் போட்டிருந்தார். மாடு செத்துப்போனது, தவணையும் நின்றுவிட்டது. இரண்டாவது, புரோநோட்டைப் பற்றிப் பெரியவரே ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்த குறிப்பு (அசல் நோட்டு நண்பரிடம் இருந்தது). மூன்றாவது, மொய் நோட்டு.

மொய் நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்துக்கு எழுதும் மொய்யைத் தவிர, மொய் விருந்து என்றே தனியாக ஒன்று உண்டு. ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு குடும்பம் கிடா வெட்டி ஊரைக் கூப்பிடும். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டலாம், கடனை அடைக்கலாம், மகளுக்கு நகை எடுக்கலாம். எழுதியவர்கள் தங்கள் முறை வந்து விருந்து வைக்கும்போது, மொய் வாங்கிய குடும்பம் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கிய அளவு செய்வது பழைய நடை. அதற்கு மேல் வைப்பது புது நடை, அது அடுத்த சுற்றுக்கான முதல். பழைய நடையை மட்டும் கொடுத்தால் கணக்கு முடிந்தது, உறவும் அந்த அளவில் முடிந்தது என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வைப்பது வழக்கம்.

இந்தக் குடும்பம் கடைசியாக விருந்து வைத்தது 2017இல். அதன் நோட்டு சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம். ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் தலைப்பிட்டு, பெயர், தகப்பன் பெயர், தொகை. திருப்பிச் செய்ததைச் சிவப்பு மையில் அடித்து ஓரத்தில் தேதி போட்டிருந்தார். சில பெயர்களுக்கு அடையாளம் எழுதியிருந்தார், "பழைய டைலர் மகன்", "ஒரத்தநாடு பஸ்ஸில் பார்த்தவர்" என்று. எண்ணிப் பார்த்ததில் இன்னும் அடிக்காமல் 207 பெயர் இருந்தது. தொகை 2,31,500 ரூபாய்.

அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, "சொசைட்டி பயிர்க்கடன் 64,000 — தள்ளுபடி." 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததில் இவருடைய கடனும் போயிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். அதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லை. வாங்கிய பணம்தான், திருப்பவில்லைதான். ஆனால் கொடுத்தவனே விட்டுவிட்டான் என்றால் நெஞ்சில் பாரம் இல்லை. இந்த மனநிலையை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும். புரோநோட்டு விஷயத்தில் அம்மா எப்படி யோசிக்கப் போகிறார் என்பதற்கு அதில் துப்பு இருந்தது.

முதல் சந்திப்பில் கண்டது

மூத்தவர் என்னிடம் கேட்ட வரிசையே எனக்கு வியப்பாக இருந்தது. முதலில் கேட்டது மொய்யைப் பற்றி. வருகிற ஆடியில் இன்னார் இன்னார் விருந்து வைக்கிறார்கள், பணத்துக்கு என்ன செய்வது, நகையை வைக்கலாமா என்று. அடுத்தது புரோநோட்டு. ஜாமீனைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார், "அது அவன் வாங்குன கடன் சார், எங்கப்பா ஒத்த ரூபா தொடல, கையெழுத்துதானே போட்டாரு" என்றார்.

சட்டத்தின் கண்ணில் வரிசை நேர் தலைகீழ். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 128ஆம் பிரிவுப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு. ஒத்த ரூபாயைத் தொடவில்லை என்பது பதிலாகாது. போட்ட கையெழுத்துக்கான பொறுப்பு அவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் நிற்கும். புரோநோட்டுக்குச் சட்ட பலம் உண்டு, ஆனால் கால வரம்போடு. மொய்க்கு எழுத்து ஒப்பந்தமும் இல்லை, திருப்பித் தருகிறேன் என்ற கையெழுத்தும் இல்லை. மொய்ப் பணத்துக்காக வழக்குப் போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. அந்த வீடோ மொய்க்காக நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தது, ஜாமீன் அறிவிப்பைப் பிரிக்காமலே மடித்து வைத்திருந்தது.

கூட வந்திருந்த பெரியவரின் தம்பி ஒரு வாதம் வைத்தார், "அப்பன் கடன் பிள்ளை தலையில. இதுல என்னத்தக் கேக்குறது?" இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதில்லை. இந்துச் சட்டத்தில் இது வெறும் பழமொழியாக இருக்கவில்லை, நீதிமன்றம் ஏற்ற கோட்பாடாகவே இருந்தது. கடனோடு செத்த அப்பாவின் பாவத்தை மகன் தீர்க்க வேண்டும் என்ற அறக்கடமையிலிருந்து வந்தது அது. சூதாட்டம் போன்ற நெறி கெட்ட காரியத்துக்கு வாங்கியதைத் தவிர, அப்பாவின் கடனுக்காகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கின் மேல் கைவைக்க அது இடம் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அந்த அறக்கடமை ஒன்றையே காரணம் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் போக முடியாது என்று ஆக்கிவிட்டது. திருத்தத்துக்கு முன் வாங்கிய கடன்களுக்கு மட்டும் பழைய நிலை. 2018 கடனுக்கு அது பொருந்தாது. அப்பாவின் சொத்து யார் கைக்கு வந்ததோ அவர் அந்தச் சொத்தின் மதிப்பு வரை பதில் சொல்ல வேண்டும், அவ்வளவே. சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அரசாங்கம் எடுத்துருச்சு. நாம எடுக்கலையே" என்றார்.

நான் சொன்னதும், அது போய்ச் சேர்ந்த இடமும்

புரோநோட்டு பற்றி நான் சொன்னது இது. கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்கு, கால வரம்புச் சட்டம் 1963இன்படி எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம். அதற்குள் வழக்குப் போட வேண்டும், அல்லது அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அல்லது வட்டியோ அசலோ கொடுத்ததைக் கொடுத்தவர் கையெழுத்தோடு வரவு வைத்திருக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. ஆகவே 2021 டிசம்பர் 10ஆம் தேதியோடு நோட்டு காலாவதி.

இதில் இரண்டு பிழை. ஒன்று கணக்கில், அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொன்று சொன்ன விதத்தில். காலாவதி ஆனால் வழக்குப் போடும் வழி அடைபடுகிறதே தவிர கடன் அழிந்துவிடுவதில்லை. சட்டமே அதைக் கடன் என்றுதான் மதிக்கிறது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் செல்லும் ஒப்பந்தமாக ஏற்கிறது. எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், வாங்கியவர் அதைக் காலாவதியான கடனுக்கே வரவு வைத்துக்கொள்ளலாம் என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் நான் விளக்கவில்லை. வேறு இருவர் காத்திருந்தார்கள். "நோட்டு காலாவதி" என்று இரண்டு வார்த்தையில் முடித்தேன்.

அந்த இரண்டு வார்த்தை மூன்றே நாளில் டீக்கடைக்குப் போயிருக்கிறது. நண்பர் அங்கே உட்கார்ந்திருந்தபோது மூத்தவரிடம், "தம்பி, அவசரமில்ல, எப்பன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுப்பா" என்று கேட்டிருக்கிறார். மூத்தவர், "மாமா, நோட்டு செத்துப்போச்சுன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க. பாப்போம்" என்று சொல்லிவிட்டார். கோர்ட்டில் யாரும் சொல்லவில்லை. சொன்னது நான்.

மூத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2019இல் வைத்த கன்றுகள் இன்னும் காய்க்கவில்லை. வருமானம் பூவும் கூலியும்தான். வீட்டில் மூன்று கணக்கு ஒன்றாக வந்து நிற்கும்போது, ஒன்று தானாகப் போய்விட்டது என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு வரும்.

நண்பர் பதில் பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார் என்றார்கள். பெரியவர் இறந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக்கு வந்து அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த நண்பரின் மனைவி, மறுநாளிலிருந்து வரவில்லை. ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வேறு ஒரு வேலையாக ஏப்ரலில் நான் அந்த வீட்டுக்குப் போனபோதுதான், "என்னன்னு தெரியல சார், அவுக வீட்ல யாரும் மொகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறாக" என்றார். மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தேதிக் கணக்கில் விட்டுப்போனது

அதே ஏப்ரல் கடைசியில், ஜாமீன் விஷயத்துக்காகக் குழுவின் வக்கீலிடம் இந்தக் கோப்பைக் கொண்டுபோனேன். அவர் புரோநோட்டுத் தேதியைப் பார்த்ததும் கேட்ட கேள்வி, "கொரோனா நாளைக் கழிச்சீங்களா?"

நான் கழிக்கவில்லை. 2022 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி, 15.03.2020 முதல் 28.02.2022 வரையான காலத்தை எந்தக் கால வரம்புக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. 2020 மார்ச் 15 அன்று இந்த நோட்டுக்கு மீதி இருந்தது 1 வருஷம் 8 மாதம் 26 நாள். அந்த மீதி 2022 மார்ச் 1 முதல் மறுபடி ஓடும். அதாவது நோட்டு 2023 நவம்பர் 26 வரை உயிரோடு இருந்தது. நண்பர் நினைத்தால் அன்றைக்கே வழக்குப் போட்டிருக்கலாம். அவருக்கு அது தெரியாது. "செத்துப்போச்சு" என்ற வார்த்தையை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே எனக்கு இரவு தூக்கம் போனது உண்மை. சட்டப்படி, உனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று கடன் கொடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய பொறுப்பு கடன்பட்டவருக்கு இல்லை. எனக்கும் இல்லை. என்னிடம் உதவி கேட்டு வந்தது இந்தக் குடும்பம். அவர்கள் விஷயத்தை அவர்களைக் கேட்காமல் எதிர்த்தரப்பில் போய்ச் சொன்னால் நாளைக்கு யாரும் என்னிடம் பையைத் திறக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு பக்கம், ஒரு பொய்யான செய்தி என் வாயிலிருந்து கிளம்பி அந்த மனிதரின் உரிமையை முடக்கி வைத்திருக்கிறது. நான் வாயே திறக்காமல் இருந்திருந்தால் கதை வேறு.

முடிவு இப்படி எடுத்தேன். முதலில் குடும்பத்திடம் என் தவறைச் சொல்வது. நான் சொன்ன தவறான செய்தியைத் திருத்த அவர்களிடமே அனுமதி கேட்பது. மறுத்தால், "அந்த நோட்டு பற்றி நான் சொன்னதை நம்ப வேண்டாம், நீங்களே ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்று மட்டும் நண்பரிடம் சொல்வது. குடும்பம் என்னிடம் சொன்ன வேறு எதையும் சொல்லாமல் இருப்பது. வக்கீலும் இதுதான் சரி என்றார். அப்புறம், பேசி முடியும்வரை புதிதாக எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்.

அந்த வீட்டில் நடந்த பேச்சு

மே முதல் வாரம். இளையவர் வாட்ஸ்அப் வீடியோவில். மகள் தன் வீட்டிலிருந்து வந்திருந்தார். நான் தேதிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, என் தவறு என்று சொன்னேன்.

மூத்தவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அவருக்கு இது தெரியாதுல்ல?" என்றார். தெரியாது என்றேன். "நவம்பர் கழிஞ்சா?" கழிந்தால் வழக்குப் போட முடியாது என்றேன். உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா அதுவரை பேசவில்லை. "டீக்கடையில என்ன சொன்ன?" என்று மகனைக் கேட்டார். மூத்தவர் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "உங்கப்பா நோட்டுக்குப் பயந்தா வட்டி கொடுத்தாரு? சொசைட்டிக் கடன விட்டது சர்க்காரு. இத விட்டேன்னு அந்த அண்ணன் சொன்னாரா? அவரு சொன்னா விடு. சொல்லலன்னா கொடு" என்றார். இளையவர், அப்பா ஏன் தன்னிடம் இந்தக் கடனைச் சொல்லவே இல்லை என்று கேட்டுக் கண்கலங்கினார். அடுத்த மாதமே 1 லட்சம் அனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாள் மூத்தவரும் நானும் நண்பர் வீட்டுக்குப் போனோம். என் தவறை நான் சொன்னேன், தன் வார்த்தைக்கு மூத்தவர் மன்னிப்புக் கேட்டார். நண்பர் உள்ளே போய் எல்.ஐ.சி. கவர் ஒன்றில் மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஸ்டாம்பின் மேல் பெரியவரின் கையெழுத்து, கடைசி எழுத்து தாளுக்கு வெளியே ஓடப் பார்க்கும் கையெழுத்து. மொய் நோட்டில் பார்த்த அதே கை. "நான் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டேன் தம்பி. ஆனா செத்துப்போச்சுன்னு சொன்ன பாரு. செத்தது நோட்டுன்னா என் காதுல விழுந்துச்சு?" என்றார். மூத்தவரால் பேச முடியவில்லை.

அசல் 2 லட்சம், 2023 பிப்ரவரி வரையான 36 மாத வட்டி நிலுவை 72,000. நண்பர் அசல் போதும் என்றார். மூத்தவர் வட்டியில் பாதியாவது வாங்க வேண்டும் என்று நின்றார். மொத்தம் 2,36,000 என்று முடிந்தது. வக்கீல் ஒரு பக்க உடன்பாடு எழுதினார். தகப்பனார் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குட்பட்டு வாரிசுகள் கொடுப்பதாகவும், ஒவ்வொரு தவணையும் நோட்டின் பின்பக்கம் கையெழுத்தோடு வரவு வைக்கப்படும் என்றும். நண்பருக்கும் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஜூனில் 1 லட்சம், ஜூலையில் 50,000, செப்டம்பரில் 50,000, தீபாவளிக்கு முந்தைய வாரம் மீதி 36,000. நண்பர் நோட்டில் குறுக்கே கோடு போட்டு "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அம்மா கையில் கொடுத்தார்.

ஜாமீன்

இது சீக்கிரம் முடிந்த விஷயம். சங்கத்தில் கணக்கு வாங்கினோம். பாக்கி அசல் 31,400, தவறிய தவணைகள் 9,600. வாரிசுகள் கட்டினால் அதைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதை விளக்கியபோது மூத்தவரின் எதிர்ப்பு குறைந்தது. 9,600ஐக் கட்டினார்கள். மாட்டுக்காரர் அதன் பிறகு தவணையைத் தொடர்ந்தார். அந்த 9,600இல் 5,600 திரும்பி வந்திருக்கிறது. மீதியை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துதானே என்று ஜாமீன் போடும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. வீட்டில் ஒருவரிடம்கூடச் சொல்லாமல் போடுகிறார்கள். இந்தப் பெரியவரும் அப்படித்தான் போட்டிருந்தார்.

மொய்யைப் பங்கிட்டது

சட்டம் தலையிடாத இந்தக் கணக்குக்குத்தான் அதிக நேரம் ஆனது. வழக்கப்படி மொய் ஆண் பிள்ளைகளுக்குப் போகும். சகோதரர்கள் சொத்தைப் பிரிக்கும்போது மொய் நோட்டையும் ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். அப்படியே இரண்டாகப் பிரிக்கப் பேச்சு வந்தபோது மகள் கேட்டார், "சொத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு இப்பத்தானே சார் சொன்னாரு. பங்கு வாங்குனா மொய்ய மட்டும் அண்ணன் தலையில கட்டுறதா?"

பெரியவருக்கு அம்மாவும் மூன்று பிள்ளைகளும் சமமான வாரிசுகள் என்று நான் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் அதை மொய்யோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா முதலில் ஒப்பவில்லை. கட்டிக் கொடுத்த பெண் அப்பா வீட்டு மொய்யைத் திருப்பிச் செய்தால் நோட்டில் யார் பெயரில் எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் எழுதும் பெயர்தான் அடுத்த சுற்றுக்குப் பொறுப்பு. ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில், மகளின் ஊரைச் சுற்றியுள்ள நான்கு ஊர்களின் 41 பெயரை மகள் ஏற்றார். அப்பா பெயரைப் போட்டு, பக்கத்தில் "மகள்" என்று எழுதச் சொல்வது என்று முடிவானது. இளையவர் தன் பங்குக்குப் பணம் அனுப்புவார், போய்ச் செய்வது மூத்தவர். நோட்டு அம்மாவிடம் இருக்கும்.

2023 ஆடி, ஆவணியில் விருந்து வைத்தவர்களுக்கு 58 பெயரில் 71,500 ரூபாய் செய்தார்கள். துக்க வருஷம் என்பதால் தாங்கள் விருந்து வைக்க முடியவில்லை, புது நடையும் வைக்கவில்லை. ஒரு விருந்தில் மொய் எழுதுபவர், "அப்பா கணக்கு அவரோட போச்சுன்னு நெனச்சோம்" என்றாராம். மகள் அதற்குப் பதில் சொல்லாமல் 1,000 ரூபாயை வைத்து, பெயர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறார்.

2024 ஆவணி

2024 ஆவணியில் இவர்கள் விருந்து வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். 2017இல் வந்த அளவுக்கு வரவில்லை, ஆனால் கடனை அடைக்க வைத்த நகையை மீட்கப் போதுமானது வந்தது. நண்பர் வந்தார். பழைய நடை அவருக்கு எதுவும் இல்லை, 500 ரூபாய் புதிதாக எழுதினார். சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அவர் மனைவி வரவில்லை. திண்ணைப் பேச்சு இன்றுவரை மறுபடி தொடங்கவில்லை. பணம் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகும் அது திரும்பவில்லை என்பதை இங்கே பதிய வேண்டும்.

நான் மாற்றிக்கொண்டவை

காலாவதி என்ற வார்த்தையை இப்போது தனியாகச் சொல்வதில்லை. வழக்குப் போட முடியுமா என்பது ஒரு கேள்வி, கடன் இருக்கிறதா என்பது வேறு கேள்வி என்று இரண்டையும் பிரித்து, நேரம் ஆனாலும் உட்கார வைத்துச் சொல்கிறேன். தேதிக் கணக்கை வக்கீல் பார்க்காமல் வாய்மொழியாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். (3 வருஷ நோட்டுகளுக்குக் கொரோனாக் கழிவு 2025 பிப்ரவரியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அதற்குள் ஒப்புதலோ வரவோ எழுதப்பட்டதா என்ற கேள்வி எப்போதும் இருக்கும்.)

அடுத்தது, முதல் சந்திப்பிலேயே கேட்கும் கேள்வியை மாற்றினேன். முன்பெல்லாம், "சட்டப்படி உங்கள் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்று தொடங்குவேன். இப்போது, "நீங்கள் எதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று முதலில் கேட்கிறேன். அந்த அம்மாவிடம் அன்றே இதைக் கேட்டிருந்தால் டீக்கடைப் பேச்சு நடந்திருக்காது. சட்டத்தை அதன் பிறகு சொன்னால் போதும். ஏதாவது ஒரு கடனைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, அவர்கள் மனதில் அது இல்லவே இல்லை என்றால், இந்த ஜாமீனைப் போல, அதை மட்டும் உடனே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுப் பெண்கள் இல்லாமல் கடன் பற்றிய பேச்சை இப்போது நான் தொடங்குவதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அதை மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள் என்று போகும் ஊரிலெல்லாம் சொல்கிறேன். அந்த நோட்டை மட்டும் எங்கள் பக்கம் யாரும் தொலைப்பதில்லை.